மண்ணய்யாவிடம் கேட்ட கேள்வி

ஹேலியாவ்,
அக்டோபர் 9

கிம்சூவுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் சுகம். நிலாப் பண்டிகைக்கு நீ வருவாய் என்று ஒரு பம்பளிமாஸ் பழத்தை எடுத்து வைத்திருந்தேன். தோல் சுருங்கியபின் நேற்று உன் மச்சான் உரித்துத் தின்றார். "உன் தம்பிக்கு வச்ச பழம், உன் தம்பி மாதிரியே வறண்டு கிடக்கு" என்றார். சொன்னவர் ஒரு சுளை மிச்சம் வைக்கவில்லை.

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்றபடியே காரை ஓட்டுகிறாய். வைத்த பிறகு உனக்கு ஒன்றும் நினைவிருப்பதில்லை. கடிதம் என்றால் படித்துத்தானே ஆகவேண்டும்.

பழைய கரும்பு ரயிலை மறுபடி ஓட்டுவதற்காக உன் அலுவலக ஆட்கள் வந்து பாதையில் புதர் வெட்டினார்கள். ஊருக்குள் வெட்டத் தொடங்கியதும்தான் நம் வண்டவாளம் வெளியே வந்தது. இத்தனை வருஷமாக நாம் எல்லோரும் அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். ஆஹோவின் கோழிக்கூடு, ஊர்த்தலைவர் பூன்குய்யின் ஸ்கூட்டர் கொட்டகை, நான் முள்ளங்கி காயப்போடும் தட்டிகள், எல்லாம் அதன் மேலே. முணுமுணுத்துக்கொண்டே அவரவர் எடுத்துவிட்டோம். ரயில் வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசையில்லை? போன அறுவடையில் லாரி வரவில்லை. ஓட்ட ஆளில்லையாம். பூண்டு மூட்டைகள் வாசலிலேயே கிடந்து முளைத்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எங்கள் கிம்சூதான் இதற்கு அதிகாரி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒருவர் மட்டும் இன்னும் நகரவில்லை. நம் ஊர்ச்சாமி மண்ணய்யா. ரயில் நின்ற பிறகு, இடம் சும்மாதானே கிடக்கிறது என்று ஆலமரத்தடிக் கோயிலைப் பெரிதாக்கித் தண்டவாளத்தின் மேலேயே கட்டிவிட்டோம் அல்லவா? இந்த வருஷம் தூபப் பொறுப்பு எனக்கு வந்திருப்பதால் நான்தான் பிறைக்கட்டை இரண்டையும் போட்டு அவரிடம் கேட்டேன். நீ மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன்: ஒரு கட்டை கவிழ்ந்து ஒன்று மலர்ந்து, அப்படித் தொடர்ந்து மூன்று முறை விழுந்தால்தான் சம்மதம். "அய்யா, ரயிலுக்காகக் கொஞ்சம் தள்ளி உக்காருவீங்களா?" என்று கேட்டேன். இரண்டும் கவிழ்ந்தன. மாட்டேன் என்கிறார். மறுபடி போட்டேன். இரண்டும் மலர்ந்து விழுந்தன. சிரிக்கிறார். பண்டிகை, பலகாரம் என்று ஆசை காட்டிக்கூடக் கேட்டுப் பார்த்தாயிற்று. அசையவில்லை.

அவர் மனம் வைக்காமல் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். உனக்கு அவசரம் என்று தெரியும். குளிருக்கு நான் பின்னி அனுப்பிய கழுத்துத்துணியைப் போட்டுக்கொள்.

உன் அக்கா
யோக்லுய்

*

தைச்சுங்,
அக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

கடிதத்தைக் காரை நிறுத்திவிட்டுத்தான் படித்தேன். மச்சானிடம் சொல், அடுத்த பழத்தை நான் வந்து தின்கிறேன்.

நிலைமையை ஒளிக்காமல் சொல்கிறேன். புத்தாண்டுக்குள் பாதை நம் ஊரைக் கடந்து பூண்டுக் கொட்டகையைத் தொடவில்லை என்றால், பணத்தை ஆற்றுக்கு அந்தப்புறக் கிளைப்பாதைக்குத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் நம் ஊரில் ரயில் சத்தம் இந்த ஜன்மத்தில் கேட்காது. கோயிலை எடுக்க அலுவலக உத்தரவு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சாமி சம்மதம் இல்லாமல் எந்தக் கூலியாளும் கடப்பாரையைத் தொடமாட்டான். மேலே உள்ளவர்களும் "சாமி என்ன சொல்லிச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

உன் கேள்வியில்தான் கோளாறு, அக்கா. வயதானவரிடம் போய் "எழுந்து தள்ளி உட்காருங்கள்" என்றால் யார்தான் சரி என்பார்? நகர்வதைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. இப்படிக் கேள்: "அய்யா, முதல் வெள்ளோட்ட ரயிலில் எங்களோடு வருகிறீர்களா?" அவ்வளவுதான். மரியாதையான அழைப்பு. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கழுத்துத்துணி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிம்சூ

*

ஹேலியாவ்,
நவம்பர் 3

என் கெட்டிக்காரத் தம்பிக்கு,

விழுந்துவிட்டது! முதல் தடவையிலேயே, தொடர்ந்து மூன்று முறை! கட்டை தரையில் பட்ட சத்தம்கூட வேறு மாதிரி இருந்தது என்கிறாள் ஆஹோ. அய்யா ரயிலில் வருகிறார்! பூன்குய் அங்கேயே வெடியைக் கொளுத்திவிட்டார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து கும்பிட்டார்கள். நான் அவர்களை இதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை.

சின்ன வயதில் அப்பாவிடம் "மாம்பழம் பறிக்கட்டுமா?" என்று ஒருநாளும் கேட்காமல், "அப்பா, ஏணியை எடுக்கட்டுமா?" என்று கேட்டவன் நீ. அவரும் "எடுத்துக்கடா" என்பார். பிறகு மரத்தின் மேல் உன்னைப் பார்த்ததும், "நான்தானே சரின்னேன்" என்று தலையைச் சொறிவார். அந்த மூளை இன்னும் வேலை செய்கிறது.

தூபக்காரி நான் என்பதால் அய்யாவை என் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்புத் துணியில் மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறேன். "எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு தலையணை உறை தச்சியா?" என்கிறார் உன் மச்சான். சாமியோடு போட்டி போடுகிற வயதா இது?

ஊரே உன்னைப் புகழ்கிறது. நீ நேரில் வந்து கேட்டால் நன்றாக இருக்கும்.

அக்கா

*

தைச்சுங்,
டிசம்பர் 4

அன்புள்ள அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். வெள்ளோட்டம் பதினாறாம் தேதி. கோயில் வரைதான் பாதை இருக்கிறது, அதனால் காலையில் அதற்கு இந்தப்புறமே ஏறிக்கொள்ளுங்கள். பெரிய ஸ்டேஷன் சரக்குக் களம் வரை போய், மதியம் அங்கேயே சாப்பாடு, பொழுது சாயத் திரும்பலாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ. நடக்க முடியாதவர்களுக்குப் பெட்டியில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். "என்னை விட்டுட்டீங்களே" என்று ஊரில் ஒருவரும் ஏங்கக் கூடாது.

எனக்கு அன்று வேறு இடத்தில் வேலை இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

கிம்சூ

*

ஹேலியாவ்,
டிசம்பர் 18

கிம்சூ,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அதுவும் நடந்ததுதானே. ஊரே பெட்டிகளில் ஏறியது. கரும்பு ஏற்றிய அதே பெட்டிகள், பெயிண்ட் அடித்து, பெஞ்சு போட்டு. அய்யா என் மடியில், சிவப்பு மெத்தையில். விழுந்துவிடாமல் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். என்ஜின் போன வேகத்துக்கு ஆஹோவின் மருமகள் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வந்து, "என்ன அத்தை, இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேலி செய்தாள். வயல்காரர்கள் எல்லாம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். சரக்குக் களத்தில் பூன்குய் பளுதூக்கியைக் காட்டி, "அய்யா, பாத்தீங்களா, நம்ம பூண்டு இங்கதான் பெரிய வண்டியில மாறப்போகுது" என்று விளக்கம் சொன்னார். அய்யாவுக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் வாங்கி வைத்தோம். அப்படி ஒரு சந்தோஷமான நாள் எனக்கு வந்து எத்தனையோ காலம் ஆயிற்று.

திரும்பும்போது நான் முன்பெட்டியில் இருந்தேன். ஆலமரம் தெரிந்தது. தகரக்கூரை தெரியவில்லை. கண்தான் மங்கிவிட்டதோ என்று துடைத்துக்கொண்டு பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. "தியாம், நிறுத்துப்பா!" என்று கத்தினேன். ஓட்டுகிற தியாம் பாவம், ஒன்றும் புரியாமல், "கொட்டகை வரைக்கும் போகச் சொல்லியிருக்காங்கக்கா, பாதை சரியாயிடுச்சுன்னாங்க" என்றான். எதிரே தண்டவாளம் நேராகப் போய்க்கொண்டிருந்தது, புதுச் சல்லி கொட்டி, அழகாக. அய்யாவை மடியில் வைத்துக்கொண்டு, அய்யாவின் வீடு இருந்த இடத்தின் மேலேயே ஏறிப் போனேன். அவர் முகத்தை என் கையால் மூடிக்கொண்டேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மரத்தடியில் விளக்கு, பிறைக்கட்டை, பூச்சாடி எல்லாம் முட்டைக்கோஸ் கூடைகளில் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. தூபச்சட்டியின் சாம்பல் சிந்தாமல் ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அது நான் உனக்குப் பின்னிய கழுத்துத்துணி. வேறு இடத்தில் வேலை என்று எழுதியிருந்தாயே.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பூன்குய் மட்டும், "அக்கா, பனி இறங்குது, அய்யாவை வீட்டுக்குள்ள கொண்டுபோங்க" என்றார். ஆஹோ எங்கோ பார்த்தபடி, "வர்றீங்களான்னு கேட்டோம், வர்றேன்னாரு. வந்துட்டாரு, பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்' யாருக்கு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏணியை எடுக்கட்டுமா என்று கேட்டவன்தானே நீ. அன்று சிரித்துக்கொண்டே எழுதினேனே, அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? நீ எழுதிக் கொடுத்தாய். கேட்டது என் வாய். அவரிடம் போய் நின்றது நான்.

அய்யா இப்போது எங்கள் வீட்டில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறார். உன் மச்சான் அன்றிலிருந்து டிவி போடுவதில்லை.

புத்தாண்டுக்கு வராதே. கல்லறை துடைக்கும் நாளுக்கும் வர வேண்டாம். அப்பா அம்மாவுக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

யோக்லுய்

*

தைச்சுங்,
ஜனவரி 7

அன்புள்ள அக்கா,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதை அனுப்புகிறேன்.

முதலில் கிழித்ததில் எல்லாம் நியாயம் பேசியிருந்தேன். கோயில்தான் பாதையை ஆக்கிரமித்தது, பாதை கோயிலை அல்ல. இந்த ஒரு நாள் தவறியிருந்தால் ரயிலே இல்லை. சிலையில்லாத வீடு வெறும் செங்கல்தான், அதனால் சாமி வெளியே போயிருக்கும்போது எடுத்தால் தோஷமில்லை என்று ஒரு பூசாரியே சொன்னார். எல்லாம் உண்மைதான். படித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஏணி கேட்கிற மாதிரியே இருந்தது.

ஆமாம், நான் அங்கே இருந்தேன். உங்கள் வண்டி வளைவில் மறையும்வரை கரும்புக் காட்டுக்குப் பின்னால் காரில் உட்கார்ந்திருந்தேன். நீ அவரைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஆட்கள், "ஐயா, சாமி சம்மதிச்சுடுச்சா?" என்று கேட்டார்கள். "மூணு தடவை விழுந்துச்சு" என்றேன். பொய் ஒரு சொல் இல்லை பார். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

தூபச்சட்டியை நானே தூக்கினேன். உள்ளே சாம்பல் இளஞ்சூடாக இருந்தது. காலையில் நீ ஏற்றிய ஊதுவத்தி. கழுத்துத்துணியை அவிழ்த்துச் சட்டியின் வாயை இறுக்கிக் கட்டினேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் கிளம்பிவிட்டேன்.

புதுக் கோயிலுக்கு அலுவலகம் மூன்று இடங்கள் ஒதுக்கியிருக்கிறது. எல்லாம் நல்ல மேடான இடம். அய்யாவிடம் கேட்டுச் சொல். வராதே என்றாய், வரவில்லை.

கிம்சூ

*

ஹேலியாவ்,
மார்ச் 12

கிம்சூ,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றே இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியாது.

வெட்கம் என்னவென்றால், ரயில் நன்றாக ஓடுகிறது. அறுவடை தொடங்கிவிட்டது. தினமும் காலையில் வண்டி வருகிறது, மூட்டைகளை ஏற்றுகிறோம், போகிறது. ஒரு பூண்டுகூட இந்த வருஷம் மூட்டையில் முளைக்கவில்லை. நான் கோபித்துக்கொண்டு மூட்டைகளை வீட்டிலேயே வைத்திருந்தேனா? இல்லை. மற்றவர்களோடு நானும்தான் ஏற்றுகிறேன். ஏற்றி முடித்தபின் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வண்டி ஆலமரத்தைக் கடக்கும்போது தியாம் ஊதுவதை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டுகிறான். அவனிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

நீ சொன்ன மூன்று இடங்களையும் அய்யாவிடம் கேட்டேன். இந்தத் தடவை நறுக்கென்று, வளைக்காமல். மூன்றுக்கும் மாட்டேன் என்றுவிட்டார்.

நேற்று அவர் பிறந்தநாள். அடுத்த வருஷத் தூபப் பொறுப்புக்கு ஆள் எடுக்க வேண்டும். எங்கள் வாசலிலேயே எடுத்தோம். பூன்குய் ஊர்ப் பதிவில் உள்ள குடும்பத்தலைவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் கட்டை போட்டேன். யார் பெயருக்கு அதிக முறை சம்மதம் விழுகிறதோ அவருக்குத்தான் பொறுப்பு. ஆஹோவுக்கு இரண்டு விழுந்தது. பூன்குய்க்கு ஒன்று. உன் மச்சானுக்கு அய்யா எடுத்த எடுப்பிலேயே சிரித்துவிட்டார். பிறகு பூன்குய் வாசிப்பதை நிறுத்தினார். அடுத்த பெயர் உன்னுடையது. நீ இன்னும் பதிவைத் தைச்சுங்குக்கு மாற்றவில்லையே.

"தாண்டிப் போயிடலாமா, அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தாண்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரோ பின்னால் "க்கும்" என்று கனைத்தார்கள். "படிங்க, அவனும் இந்த ஊர்க்காரன்தான்" என்றேன். உன் மேல் இருந்த பாசத்தால் சொல்லவில்லை. நீ அய்யா வாயால் மறுக்கப்பட வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும், என் தலையிலிருந்து பாரம் இறங்க வேண்டும் என்றுதான் சொன்னேன். கட்டையை எடுத்துக்கொண்டு, "மாட்டேன்னு சொல்லுங்க அய்யா" என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கூடப்பிறந்தவனுக்கு எதிராக வேண்டிக்கொண்டேன்.

விழுந்தது. மறுபடி விழுந்தது. மூன்றாவதும். மூன்றுக்கு மேலும் விழுந்துகொண்டே இருந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். என் கைதான் சொக்கட்டான் ஆடுகிறது என்று யாராவது சொல்வார்களோ என்று பயந்து கட்டையை ஆஹோவிடம் கொடுத்தேன். அவள் போட்டாள். அவளுக்கும் விழுந்தது. "சாமிக்கு யாரு வேணும்னு சாமிக்குத் தெரியும். நமக்கென்ன?" என்று கட்டையைக் கீழே வைத்தாள்.

ஆகவே இனி ஒரு வருஷம் தூபப் பொறுப்பு உன்னுடையது. சட்டியை நீ வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் ஊதுவத்தி ஏற்ற வேண்டும். வராதே என்று எழுதிய கையாலேயே வா என்று எழுதுகிறேன். எனக்கு இப்போது உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

அக்கா

*

தைச்சுங்,
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் வீடு பதினான்காவது மாடி. கீழே கார் நிறுத்துமிடம். கைப்பிடி மண் கிடையாது. மண்ணய்யாவை இங்கே எங்கே வைப்பேன்? அங்கே வந்து தங்குவதென்றால் வேலை. அது பெரிதல்ல, எப்படியாவது பேசிக்கொள்ளலாம். ஆனால் அந்த வாசலில் ஆஹோ அக்கா, பூன்குய் அண்ணன், எல்லோரும் பார்க்க எப்படி நடந்து வருவேன்? மூட்டை ஏற்றும் நேரத்தில் நான் வந்து நின்றால் அவர்களுக்கும்தானே சங்கடம்?

அதனால் ஒன்று கேட்கிறேன். அய்யாவிடம் இப்படிக் கேட்டுப் பார்: "கிம்சூவின் பெயரில் அவன் அக்கா தூபம் ஏற்றினால் ஏற்றுக்கொள்வீர்களா?" அதற்கு அவர் சரி என்றால், எல்லோருக்கும் நல்லது.

கிம்சூ

*

ஹேலியாவ்,
மார்ச் 24

கிம்சூ,

கேட்க மாட்டேன்.

உன் கேள்வி எதையும் இனி என் வாயால் கேட்க மாட்டேன். அவருக்குக் காது இருக்கிறது, உனக்கு வாய் இருக்கிறது. வந்து நீயே கேள்.

சாம்பலைக் கட்டியிருந்த கழுத்துத்துணியைத் துவைத்து வைத்திருக்கிறேன். கறை போகவில்லை.

அக்கா

*

தைச்சுங்,
ஏப்ரல் 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து அய்யாவிடம் என்ன கேட்பது என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. "என் மேல் கோபமா?" என்று எழுதினேன். இல்லை என்று வந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. "ஊருக்கு நல்லதுதானே நடந்தது?" என்று எழுதினேன். அதற்கு அவர் ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அப்படி எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. "மன்னிப்பீர்களா?" என்று எழுதினேன். அதிலும், மூன்று முறை விழாவிட்டால் வேறு மாதிரிக் கேட்கலாம் என்று மனம் அடுத்த வரியைத் தேட ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

ஒரு வருஷ விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். "சாமியை ஏமாத்திட்டேன், திரும்பப் போறேன்" என்றேன். சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை, மூட்டை ஏற்ற வருகிற காலிப் பெட்டியில் என்னை ஏற்றிக்கொள்ளத் தியாமிடம் சொல்லியிருக்கிறேன். காரில் வந்தால் வழியில் திரும்பிவிடுவேன். ஆலமரத்துக்கு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னேன். அந்த இடத்தின் மேல் ஏறி வர மாட்டேன். அங்கிருந்து உன் வாசலுக்கு எல்லோரும் பார்க்க நடந்து வருவேன். மறுநாள் அப்பா அம்மாவின் கல்லறைக்கு என்னையும் கூட்டிப் போவாயானால் புல் வெட்டுவது என் வேலை.

பிறைக்கட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடு, அக்கா. நான் கேள்வி எதுவும் கொண்டுவரவில்லை.

உன் தம்பி
கிம்சூ